ஒரு வீடும் போகவில்லை

அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, ஐயா. தண்ணீர் குடித்தால் தெம்பு வந்து இன்னும் கொஞ்சம் அழுவார்கள். பேனா கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்து, "உங்க வீட்டு முகவரியை எழுதுங்க" என்று சொன்னால் போதும். கதவு எண், தெரு, ஊர் என்று எழுதிக்கொண்டே போகும்போது அழுகை தானாக நின்றுவிடும். பதினோரு வருஷம் பார்த்ததில் சொல்கிறேன். உங்கள் வேலையிலும் அழுகிறவர்கள் வருவார்கள். ஒரு தடவை செய்து பாருங்கள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் திணறுகிறவர்களுக்கு உதவுகிற அலுவலகம் எங்களுடையது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு அறை. நானும் தட்டச்சு செய்கிற அம்மாவும். கட்டணம் கிடையாது. வங்கியோடு பேசித் தவணையைக் குறைக்க வைப்பது, கடன் காலத்தை நீட்டுவது, ஏலத் தேதியைத் தள்ளிப்போட வைப்பது, இதுதான் என் வேலை. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஒரு வங்கியின் வசூல் பிரிவில் இருந்தேன். கதவில் நோட்டீஸ் ஒட்டுகிற ஆள். மனசு கேட்காமல் இந்தப் பக்கம் வந்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்வேன். அது பொய்யில்லை.

கடன்பட்டவர்களைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, அவர்கள் கடிதத்தைப் பிரிக்க மாட்டார்கள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வங்கியிலிருந்து வந்த கடிதங்களையெல்லாம் ஓடாத துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போட்டு மூடி வைத்திருந்தார். நாற்பத்தொரு கடிதம். நான் அவர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முப்பத்தாறு கடிதத்தில் ஒரே விஷயம்தான், தேதி மட்டும் வேறு. அதைப் பார்த்ததும் அந்த அம்மா சிரித்துவிட்டார். இரண்டு வருஷமாகச் சிரிக்கவில்லை என்று அவர் தங்கை சொன்னாள். அந்த வீட்டில் அவர் இன்னும் இருக்கிறார்.

கடன் சீரானதும் நான் அந்த வீட்டை ஒரு போட்டோ எடுத்து அலுவலகச் சுவரில் மாட்டுவேன். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஒன்றுகூட ஏலத்துக்குப் போகவில்லை, ஒன்றுகூட விற்கப்படவில்லை. ஒரு நாள் தட்டச்சு அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஏன் சார், ஒரு படத்துலகூட ஆளுங்க இல்லையே" என்று கேட்டார். ஆட்கள் நின்றால் வாசல் மறைந்துவிடும் என்று சொன்னேன்.

நான் சொல்ல வந்த பஸ் டிரைவர் என்னிடம் வந்தது ஒன்றே முக்கால் வருஷத்துக்கு முன்னால். மனைவி முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். கதவருகிலேயே நின்று, "சார் எந்தப் பக்கம் இருக்கீங்க? கொஞ்சம் சத்தம் குடுங்க, வண்டியைத் திருப்பிக்கறேன்" என்றார். நான் இருமினேன். சரியாக என் நாற்காலிக்கு நேரே வந்து உட்கார்ந்தார். அழவில்லை. பேனாவுக்கு வேலை இல்லாமல் போனது.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற நோய். நேரே இருப்பது குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி தெரியும். பக்கத்தில் இருப்பது, காலடியில் இருப்பது எதுவும் தெரியாது. கம்பெனியில் வருஷாவருஷம் செய்கிற கண் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். மறுநாளே வண்டி போய்விட்டது. "என் பஸ்ஸுல நின்னுகிட்டே டீ குடிக்கலாம்னு சொல்லுவாங்க சார், ஒரு சொட்டு சிந்தாது" என்று ஏதோ நேற்று நடந்த மாதிரி சொன்னார்.

வீடு அவர் தன் கையாலேயே பாதி கட்டியது. ஊர் முடிகிற இடத்தில், இரண்டு அறை, ஒரு சமையலறை, பக்கவாட்டில் வெளியே ஏறுகிற படி, மேலே மொட்டை மாடி. மாடியில் முன்பக்கமும் இரண்டு ஓரங்களிலும் இடுப்பளவு சுவர் எழுப்பியிருந்தார். பின்பக்கத்துக்கு வரும்போது கையிருப்பு தீர்ந்துவிட்டது. அப்படியே நின்றுபோனது. மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் மேற்பார்வை வேலை. அவள் சம்பளம் ஒன்றில் தவணையும் கட்டி மூன்று பேர் சாப்பிடவும் முடியாது. ஏழு மாதம் பாக்கி விழுந்திருந்தது. பத்து வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணை வீட்டில் எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு அப்படி. அப்பா எங்கே நடந்தாலும் பக்கத்தில் நடந்துகொண்டு, "வாசப்படி ஒண்ணு, திண்டு ஒண்ணு, இப்ப இடது பக்கம் வாளி, யாரோ வழியில வெச்சிருக்காங்க, நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

வங்கிக்கு மனு போடுவதற்கு முன்னால் வீட்டுச் செலவுப் பட்டியல் ஒன்று தயார் செய்ய வேண்டும். தேவையில்லாததை வெட்டிவிட்டுக் காட்டினால்தான் அவர்கள் இறங்கி வருவார்கள். உட்கார்ந்து நானே ஒவ்வொன்றாக அடித்தேன். கேபிள் இணைப்பு. வாலுவின் நீச்சல் வகுப்பு. அதற்கு அடுத்த வரியில் மாடிப் பின்சுவர் என்று இருந்தது. அவர் மனைவி தயங்கித் தயங்கி, "அண்ணா, அது மட்டும் இருக்கட்டுமே. இவருக்குக் கண்ணு வேற இப்படி" என்றாள். மாடிக்குப் போகாமல் இருந்தால் ஆயிற்று, கடன் சீரானதும் முதல் வேலையாகக் கட்டிவிடலாம் என்று சொல்லி அதையும் அடித்தேன். அப்போது என் மனசில் எதுவும் இல்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதுங்கள்.

அவருடைய கடன் ஃபைலைப் படிக்கும்போது கடைசியில் ஒரு தாள் இருந்தது. கடனோடு சேர்த்துக் கொடுக்கிற இன்சூரன்ஸ். கடன் வாங்கியவர் இறந்துபோனால் மிச்சத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும், பத்திரம் குடும்பத்துக்கு வந்துவிடும். முக்கால்வாசி ஃபைலில் இந்தத் தாள் இருக்கும். கையெழுத்துப் போட்டவர்களே படித்திருக்க மாட்டார்கள். நான் படிப்பேன். படித்துவிட்டு அவர்களிடம் சொல்லவில்லை. நல்லாயிருக்கிற மனுஷனிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

பத்து மாதம் அவர்களுக்காக அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்கே போய்விடுவேன். காகிதம் எதுவும் இல்லாவிட்டாலும் போவேன். அவள் டீ போடுவாள், வாலு என் பையைக் குடைவாள், அவர் பஸ் கதை சொல்வார். பின்னறையின் ஜன்னலில் மாலை வெயில் விழும். நான் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். பூச்சு அவ்வளவு நேர்த்தி. எத்தனையோ வீட்டைக் காப்பாற்றியிருக்கிறேன், இந்த வீட்டைப் போல ஒன்றில் உட்கார்ந்ததில்லை.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கையில் பிஸ்கட் பாக்கெட். முகம் தெளிவாக இருந்தது. வேலை ஏதாவது கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். வீட்டை விற்றுவிட முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அவள் அண்ணன் வேறோர் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் ஒரே அறையில் வீடு. படி கிடையாது, மாடி கிடையாது. மச்சான் கடையில் உட்கார்ந்து சக்கரம் சரிசெய்யப் போவதாக டிரைவர் சொன்னார். சக்கரத்தைச் சுழல விட்டு விரலை லேசாக வைத்தால் எங்கே கோணல் என்று கைக்கே தெரிகிறதாம். அதற்குக் கண் வேண்டாமாம். வீட்டை வாங்க ஓர் ஆள் வந்திருக்கிறான், கடனை அடைத்ததுபோகக் கையில் கொஞ்சம் மிஞ்சும். இதையெல்லாம் எனக்கு நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னார்கள். தட்டச்சு அம்மா பிஸ்கட்டைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார்.

நான் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். அந்த இரண்டு வாரமும் வேறு ஃபைலைத் தொடவில்லை. தினமும் வங்கியில் போய் உட்கார்ந்தேன். மேலாளர் எனக்குப் பழைய பழக்கம். "யாருங்க இவரு, உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டார். கடைசியில் இறங்கி வந்தார். தவணை ஏறக்குறைய பாதி. காலம் பதினான்கு வருஷம் கூடுதல். அபராதம் முழுக்கத் தள்ளுபடி. என் பதினோரு வருஷத்தில் இப்படி ஓர் உத்தரவை நான் பார்த்ததில்லை. கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மத்தியானம் இரண்டரை இருக்கும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வாலு பள்ளிக்கூடத்தில். டிரைவர் மட்டும் முன்னறைத் தரையில் உட்கார்ந்து ஒரு சைக்கிள் சக்கரத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பழகிக்கொள்ளட்டும் என்று மச்சான் அனுப்பியதாம். நான் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழுந்து என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார். பரீட்சையில் தேறிய பையனுக்குக் கை கொடுக்கிற மாதிரி இருந்தது.

"பெரிய விஷயம் சார். எங்களுக்காக யாரும் இவ்வளவு செஞ்சதில்ல. ஆனா நாங்க போறோம். நாளைக்கு அட்வான்ஸ் வாங்கறோம்."

நான் எடுத்துச் சொன்னேன். வாடகை வீட்டில் பிள்ளை வளர்ப்பது என்றால் என்ன என்று சொன்னேன். என்னையே உதாரணம் காட்டினேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, பதினேழு வீடு மாறியிருக்கிறேன், ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அனுமதி கேட்க வேண்டும் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். இதை நான்தான் கட்டினேன். ஆனா இப்ப இதுக்குள்ள எதுல மோதுவேன்னு நாள்பூரா பயந்துகிட்டே இருக்கேன். டாக்டர் ரெண்டு வருஷம்னு சொல்றாரு, அப்புறம் முழு இருட்டுதான். அதுக்குள்ள தவணையைப் பத்தி நினைக்காம என் பொண்ணு முகத்தைக் கொஞ்ச நாள் பாத்துக்கறேனே."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

பிறகு, போவதற்கு முன்னால் மாடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு அதில் சந்தோஷம். தானும் வருவதாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாய்க்குள்ளே படியை எண்ணிக்கொண்டு ஏறினார். பதினான்கு.

மாடியில் வெயில் அடித்தது. அந்தக் கூச்சத்தில் அவருக்கு நேரே இருப்பதும் தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு கம்பிக்கும் நடுவே கொடி கட்டி, வாலுவின் சாக்ஸ்களைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு மூலையைக் காட்டி, இங்கே ஓர் அறை எடுக்கலாம் என்று இருந்தேன், வாலு பெரியவளானால் படிக்கத் தனியாக இடம் வேண்டும் இல்லையா என்றார். காலால் அளந்தும் காட்டினார். அளந்து, திரும்பி, கொடியில் தலை பட்டு, குனிந்து, மறுபடி திரும்பினார். நான் போனைக் கையில் எடுப்பதற்காக அவர் கையை விட்டிருந்தேன்.

"சார், படத்துல நானும் நிக்கட்டுமா? முன்சுவர்ல சாஞ்சுகிட்டு நிக்கறேன். அது நான் பூசினது."

நில்லுங்க என்றேன். அவர் ஒரு பக்கமாகக் கை நீட்டினார்.

"முன்பக்கம் இதுதானே சார்?"

"ஆமா" என்றேன்.

ஏழு அடி எடுத்து வைத்தார். கையை முன்னால் நீட்டிக்கொண்டே போனார், சுவரைத் தொடுவதற்கு. அவசரப்படவில்லை. நான் சொல்லிவிட்டதால் அவருக்குச் சந்தேகமும் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் நில்லுங்க என்று சொல்ல நேரம் இருந்தது, ஐயா. அதை நான் மறைக்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். அந்த இன்சூரன்ஸ் தாளின் மூன்றாவது பத்தியை நினைத்தேன். அது எனக்கு மனப்பாடமாக இருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கீழே ஓடினேன். பின்கட்டில் சிமென்ட் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை.

"நான்தான் திசையை மாத்திப் புடிச்சுட்டேன் சார்" என்றார். "வாலுகிட்ட சொல்லாதீங்க. திட்டுவா."

வழியிலேயே போய்விட்டார். கொடியில் துணி எடுக்கத் தனியாக மேலே போனார், நான் கீழே போனில் பேசிக்கொண்டிருந்தேன் என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் அன்றைக்குச் சொன்னேன். பின்சுவர் இல்லாத மாடி, கண் தெரியாத மனுஷன், பத்து மாதமாக அந்தக் குடும்பத்துக்கு ஓடி ஓடி உதவிய ஆள். யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை.

இன்சூரன்ஸ் வேலையை நான்தான் முன்னின்று செய்தேன். நான்கு மாதத்தில் மொத்தக் கடனும் அடைந்தது. பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, நீங்க மட்டும் இல்லைன்னா நாங்க என்ன ஆயிருப்போமோ" என்றாள். அவளாகத்தான் சொன்னாள். நான் சொல்ல வைக்கவில்லை. அந்த வாரமே என் சொந்தப் பணத்தில் ஆள் வைத்து மாடிக்குப் பின்சுவர் எழுப்பினேன். படிக்கு இரும்புக் கைப்பிடி போட்டேன். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று பேசிக்கொண்டார்கள். வீட்டைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினேன். இருநூற்றுப் பதின்மூன்று.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் எழுதினாலும் சரி, விட்டாலும் சரி.

எங்கள் அலுவலகம் மாடியில் என்று சொன்னேன் இல்லையா. ஒரு நாள் காலையில் படி ஏறும்போது பின்னாலிருந்து, "இதுதானே சார்?" என்று கேட்டது. யாரோ மருந்துக்கடைக்கு வழி கேட்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. மறுநாளும் கேட்டது. வங்கிப் படியில் கேட்டது, ரயில் நிலையப் பாலத்தில் கேட்டது. மிரட்டுகிற குரல் இல்லை, ஐயா. அப்படி இருந்தால் தேவலை. நம்பிக்கையோடு வழி கேட்கிற குரல். பதில் வந்ததும் நடந்து போய்விடத் தயாராக இருக்கிற குரல். நான் படியின் நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். பின்னால் வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறுவார்கள்.

அதன்பிறகு ஆமா என்ற வார்த்தை எனக்கு வாயில் வருவதில்லை. எங்கள் வீடு பிழைக்குமா சார் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். முன்பெல்லாம் பட்டென்று சொல்வேன். இப்போது தலையை ஆட்டுகிறேன். போனில் கேட்டால் என்ன செய்வது? சும்மா இருப்பேன். சார் லைன்ல இருக்கீங்களா என்று அவர்கள் கத்துவார்கள். தட்டச்சு அம்மா ரிசீவரை என் கையிலிருந்து வாங்கித் தானே பதில் சொல்லி அனுப்புவார். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதோ என் போன். அன்றைக்கு எடுத்த படம் ஒன்று இதில் இருக்கிறது. நான் அழுத்தியதாக எனக்கு நினைவில்லை. தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, கொடி தெரிகிறது, சாக்ஸ்கள் தெரிகின்றன. ஆள் யாரும் இல்லை. நேரமும் பதிவாகியிருக்கிறது. உங்களுக்கு உதவும்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. ஆனால் வீடு அவர்களுக்குப் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் பின்னறையைப் பூட்டினார்கள், அதன் ஜன்னல் பின்கட்டைப் பார்க்கிறது என்று. பிறகு சமையலறைக்குள் நிற்க முடியவில்லை என்று அவள் அடுப்பை முன்னறைக்குக் கொண்டுவந்தாள். மூன்று பேருக்கென்று கட்டிய வீட்டில் இரண்டு பேர் ஒரே அறையில், சுவரோரமாகப் படுத்திருந்தார்கள். விடுமுறை வந்தால் அண்ணன் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்போது சாவி என்னிடம் இருக்கும். போய்ப் பெருக்கித் துடைத்துவிட்டு, பூட்டின அறைகளைத் திறந்து காற்றாட வைத்துவிட்டு வருவேன். பின்னறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டுப் படியில் மட்டும் நான் ஏறியதில்லை. கைப்பிடி போட்ட பிறகும் ஏறியதில்லை.

வாலு பேச்சைக் குறைத்துவிட்டாள். ஆனால் நான் பார்க்காத நேரத்தில் என்னைப் பார்ப்பாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, அம்மா கடைக்குப் போயிருந்தபோது என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னிக்கு அப்பா தனியாவா மாடிக்குப் போனாரு?"

துணி எடுக்கப் போனாரும்மா என்றேன்.

"அப்பா தனியா மாடிக்குப் போக மாட்டாரு. எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு." தரையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே சொன்னாள். "யாராவது கூட இருந்தாத்தான் போவாரு. கூட இருக்கறவங்க சொல்ற பக்கம்தான் நடப்பாரு."

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மா வந்ததும் எழுந்து போய்விட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருப்பீர்கள், நான் உங்களைத் தேடி வந்திருக்க வேண்டியதில்லை. அதனால் அந்தக் குழந்தைக்குப் பயந்து வந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். குரலுக்குப் பயந்தும் வரவில்லை. அது எங்கே போனாலும் கூடவே வரும், இந்தக் கட்டடத்திலும் படி இருக்கிறது.

நேற்று வாலுவின் அம்மா போன் செய்தாள். வீட்டை விற்றுவிட்டேன் அண்ணா, வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு, நீங்கள் வந்து கூட நிற்க வேண்டும் என்றாள். வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப்போகிறாராம். கடன் ஒரு பைசா இல்லாத வீடு, சொந்த வீடு, அதை ஏன் விற்க வேண்டும் என்று எவ்வளவோ கேட்டேன். வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். நானே வாடகைக்கு இருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன்.

"அண்ணா, வீடு எங்களுக்கு மிஞ்சிடுச்சு. அவரு மிஞ்சியிருந்தா போதும்னுதான் நாங்க அன்னிக்கு விக்கறதா இருந்தோம். நீங்களும் இனிமே அங்க போகாதீங்க" என்றாள். சாவியைச் சைக்கிள் கடை அண்ணனிடம் கொடுத்துவிடச் சொன்னாள்.

பாவம், துக்கத்தில் இருக்கிறாள். அவளுக்கு இப்போது எது நல்லது என்று தெரியவில்லை. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து பெரியவளாகி, நமக்கு ஒரு வீடு இருந்ததே என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? அதை யாராவது இன்றைக்கே யோசிக்க வேண்டும் இல்லையா. ராத்திரி பூராவும் யோசித்துவிட்டுத்தான், காலையில் அலுவலகம் போகாமல் நேராக இங்கே வந்தேன்.

நான்தான் கொன்றேன். தெரிந்து, நிதானமாக, ஒரே வார்த்தையில். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கெல்லாம் போடுகிறேன், இன்றைக்கு வக்கீல் வேண்டாம். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கொலை நடந்த இடம் என்று பதிவாகிவிட்டால், வழக்கு முடிகிறவரை அதை விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது என்று சொல்கிறார்கள். நான் மேல்முறையீட்டுக்கெல்லாம் போவேன், பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுக்கலாம். இன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் ஆட்கள் போய் முத்திரை வைத்துவிடுவார்கள் இல்லையா, ஐயா? அந்தக் குடும்பத்துக்கு அதை விட்டால் வேறு வீடு கிடையாது.